உங்கள் வாசலில் யாரோ நிற்கிறார்கள்

வீடியோ காலிங் பெல் மாட்டுகிற தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பெல் வேலை செய்யவில்லை என்று போன் வந்தால், பெல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் பார்க்கவேண்டும். தாம்பரத்தில் ஒரு கடைக்காக வேலை செய்கிறேன். வண்டலூரிலிருந்து பொழிச்சலூர் வரை என் எல்லை. 'உங்கள் வாசலில் யாரோ நிற்கிறார்கள்' என்று செல்போன் கத்தி, குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத் துண்டோடு ஓடிப்போய்ப் பார்த்தால் காக்காய் உட்கார்ந்திருக்கும். வீட்டில் இதை மாட்டியவர்கள் எல்லோரும் பட்ட பாடுதான் இது. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

சாயங்காலம் ஆனால் செத்துப்போகிற பெல்

சேலையூரில் ஒரு டீச்சர் வீடு. தினமும் சாயங்காலம் பெல் செத்துப்போகிறது, விடிந்ததும் தானாக உயிர் வருகிறது என்றார். பகலில் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. சரி, அது சாகும்போதே பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீச்சர் எழுந்து போய், ஹாலில் மினுக்கிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியைப் பிடுங்கி, இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பிளஸ் டூ படிக்கிற மகன் கேம் ஆடுகிறானாம். அந்தப் பெட்டி இருந்தால்தான் பெல்லும் வேலை செய்யும் என்று நான் விளக்கிச் சொன்னேன். புத்தகத்துக்குப் பின்னாலிருந்த மகன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டீச்சர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார்.

"பெல்லுக்கு இப்ப என்னப்பா அவசரம்? பப்ளிக் எக்ஸாம் முடியட்டும், அப்புறமா அடிக்கட்டும்."

பயந்துபோன கேமரா

குரோம்பேட்டையில் புது வீடு கட்டிய ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவருக்கு, வாசலில் ஆள் நிற்பதாக நாள் முழுக்கத் தகவல் போய்க்கொண்டே இருந்தது. பாவம், வியாபார நேரத்தில் கடையை விட்டுவிட்டு இரண்டொரு தடவை வீட்டுக்கே ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் ஒருத்தரும் இல்லை.

நான் போனதும் புரிந்துவிட்டது. கேமராவுக்கு நேர் எதிரே திருஷ்டி பொம்மை தொங்கியது. உருட்டின கண், முறுக்கின மீசை, வெளியே தள்ளிய நாக்கு. காற்று அடிக்கும்போதெல்லாம் அது ஆட, யாரோ ஒரு முரட்டு மனிதர் வந்து எட்டிப் பார்ப்பதாகக் கேமரா எண்ணிக்கொள்கிறது. பொம்மையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொன்னேன். அவர் மனைவி உள்ளேயிருந்தே முடியாது என்றார். அதைக் கட்டிய பிறகுதான் வீட்டு வேலையே தடங்கல் இல்லாமல் முடிந்ததாம். கடைக்காரர் என் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பார்க்கிறவங்க பயப்படணும்னுதான் தம்பி அதைக் கட்டியிருக்கோம். உங்க கேமராவே பயப்படுதுன்னா பொம்மை நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், நீங்க கேமராவைத் திருப்பி வைங்க."

செதில்

படம் மங்கலாகத் தெரிகிறது என்று செம்பாக்கத்திலிருந்து ஒரு புகார். அந்த அம்மா சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், பகலில் வீடு பூட்டித்தான் இருக்கும். துடைக்கலாம் என்று துணியை எடுத்தால் கண்ணாடியில் வழவழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். மீன்.

துடைத்து முடிப்பதற்குள் கோவளத்துப் பக்கத்திலிருந்து வருகிற மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, நான் அங்கே நிற்பதையே கண்டுகொள்ளாமல் பட்டனை அழுத்தினார். ஆபீசிலிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல் பெல் வழியாக வந்தது. இவர் ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டினார். அது போன வாரத்து மீன் மாதிரி தெரிகிறதே என்றது குரல். இவர் விரலால் செவுளைப் பிளந்து கேமராவோடு சேர்த்து ஓர் அழுத்து அழுத்தினார். குரலுக்குத் திருப்தி. மீன் நறுக்கப்பட்டு, கதவோரம் இருந்த ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. கொஞ்சம் தள்ளிப் பிடிக்கக்கூடாதா அக்கா என்று கேட்டேன்.

"வூட்ல ஆளே இல்ல, கொரலு மட்டும் பேரம் பேசிகினு கீது. அத்தோட நான் படற பேஜாரு போதாதுன்னு நீ வேற தள்ளிப் புடின்றியா?"

தானாக அடித்த பெல்

பெங்களூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பெருங்களத்தூர் வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார், தினமும் மத்தியானம் பெல் தானாக அடிக்கிறது என்றார். தன் செல்போனில் எடுத்துப் பார்த்தால் வாசல் காலி. யாரது, யாரது என்று இவர் பதறினால், அப்பா உள்ளேயிருந்து நிதானமாக வந்து கதவைத் திறந்து, யாரும் இல்லப்பா, நீ சாப்பிட்டியா என்று கேட்கிறாராம். பூட்டு உடைக்கிற கும்பல் எதுவும் நோட்டம் பார்க்கிறதோ என்று அவருக்கு உண்மையாகவே பயம். லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வரட்டுமா என்று என்னிடமே கேட்டார்.

அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். பட்டனைக் கழற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை, எறும்பு இல்லை. பதிவான படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். எல்லாவற்றிலும் காலி வாசல். ஒன்றில் மட்டும் கதவுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து சுவர் ஓரமாக ஒரு கை நீண்டு வந்து மறைந்தது. மணிக்கட்டில் அகலப் பட்டை போட்ட பழைய ஸ்டீல் வாட்ச். அப்போது பார்த்துப் பெரியவர் எனக்கு மோர் கொண்டுவந்து நீட்டினார். அதே வாட்ச்.

நான் செல்போனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். மோரைக் குடித்துவிட்டு பையனுக்குப் போன் போட்டேன். பெல் நன்றாக இருக்கிறது, திருடன் யாரும் இல்லை, மத்தியானம் அடித்தால் பயப்படாமல் எடுத்து அப்பாவிடம் நாலு வார்த்தை பேசுங்கள் என்றேன். சரிங்க என்றார். அந்த வீட்டிலிருந்து அதன் பிறகு புகார் வரவில்லை. போனை வைத்ததும் பெரியவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் போன் பண்ணா, மீட்டிங்ல இருக்கேன் அப்புறம் கூப்பிடறேன்னு வெச்சுடறான் தம்பி. பெல் அடிச்சா மட்டும் மீட்டிங்கை விட்டுட்டு ஓடி வர்றான்."

இத்தனையும் பார்த்தவன் வீட்டில் என்ன பெல் என்று கேட்பவர்கள், பம்மல் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக் கதவைக் கையால்தான் தட்டவேண்டும், அதுவும் கொஞ்சம் பலமாக.