வடிகாலைச் சாக்கடை என்று படித்தவர்கள்

1. ரிவ்யூ

"ஜீரோ டிஸ்சார்ஜ்!" என்று சொல்லி எங்கள் புராஜெக்ட் கைடான பேராசிரியர் மேசையைத் தட்டினார். "சைட்டுக்குள்ள வர்ற தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய போகக் கூடாது. அதுதான் சஸ்டெய்னபிள் டிசைன்."

அது எம்.டெக் இரண்டாம் ஆண்டு ரிவ்யூ. படிப்பு சஸ்டெய்னபிள் இன்ஜினியரிங் அண்ட் டிசைன். அதற்கு முன் சில வருடம் கட்டட சைட்டுகளில் வேலை பார்த்துவிட்டு, கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறித் தஞ்சாவூர் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்புக்குக் கொடுத்த புராஜெக்ட், நீடாமங்கலம் பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு அறக்கட்டளை கட்டவிருந்த கல்லூரி வளாகம். வளாகத்தின் குறுக்கே ஒரு வடிகால் ஓடியது. அதை மதிலோரம் அடைத்து, தண்ணீரை உள்ளே குளமாகத் தேக்கச் சொன்னார் கைடு. பசுமைச் சான்றிதழுக்கு அதில்தான் மார்க் அதிகம்.

"சார், மேல உள்ள வயல்ல வடியுற தண்ணிதான் கீழ உள்ள ஊருக்குப் பாசனம். அடைச்சா அவங்களுக்கு வேற வழி கிடையாது சார்."

"மேப்ல டிரெயின்னுதானேம்மா போட்டிருக்கு? டிரெயின்னா சாக்கடை. சாக்கடையில யாராவது வெள்ளாமை பண்ணுவாங்களா? எமோஷனலா பேசாத நசீமா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவர் வயலின் வடிகால் அடுத்தவர் வயலுக்கு வாய்க்கால் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வந்த தண்ணீரை அடுத்தவனுக்கு விடாமல் அமுக்கிக்கொள்பவனை எங்கள் பக்கம் அயோக்கியன் என்போம். இங்கே அதற்கு விருது கொடுக்கிறார்கள்.

வடிகாலை அடைக்காமல், மதிலுக்கு அடியில் கல்வெர்ட் என்கிற குழாய்ப் பாலம் வைத்து, தண்ணீரை அப்படியே வெளியே விடும்படி வரைந்தேன். கைடு அதற்கு பாஸ் மார்க் மட்டும் போட்டார். வகுப்பில் இன்னொருவர் வரைந்த ஜீரோ டிஸ்சார்ஜ் டிசைனை அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. வளாகம் எழும்பியது, விருதும் வந்தது.

2. செல்வி அக்கா

சர்வே எடுக்கப் போனபோது செல்வி அக்காவைப் பார்த்திருந்தேன். வளாகத்துக்குக் கீழே குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறவர். லெவல் பார்க்கும் கருவியை அவர் வரப்பில்தான் நிறுத்தினோம். "என்ன வேணா கட்டிக்குங்க, தண்ணிய மட்டும் மறிச்சிடாதீங்க" என்று எங்கள் எல்லாரிடமும் சொன்னார். கைடும் தலையாட்டினார்.

வளாகம் திறந்த பிறகு வந்த முதல் மார்கழியில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், அவர் வயல் வெடித்துக் கிடந்தது. மதிலுக்கு உள்ளே குளம் நிறையத் தண்ணீர். ஊர்க்காரர்கள் திரண்டு போய் அடைப்பை உடைக்கப் பார்த்தார்கள். சொத்தைச் சேதப்படுத்தியதாக நிர்வாகம் போலீசில் புகார் கொடுத்தது. அதில் செல்வி அக்கா பெயரும் இருந்தது. கேள்விப்பட்டு ஓடினேன்.

"ஏம்மா, நீங்கள்லாம் வந்து பாத்துட்டுத்தானே போனீங்க? பாத்து என்னத்த கிழிச்சீங்க?" என்றார். நான் வேறு மாதிரி வரைந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெடித்த வயலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

3. பெயர் மாற்றம்

கைடிடமிருந்து போன் வந்தது. "நசீமா, அந்தக் கல்வெர்ட் டிராயிங் இருக்கா?"

"இருக்கு சார். இப்ப அது சாக்கடை இல்லையா?"

"ஊர்ப் பிரச்சினை பெரிசாயிடுச்சும்மா. அதை எடுத்துட்டுப் போய் காலேஜ் நிர்வாகியப் பாரு" என்றார். டிராயிங்கை எடுத்துக்கொண்டு நிர்வாகியைப் பார்க்கப் போனேன்.

"மேடம், இதுல 'எமர்ஜென்சி ஓவர்ஃப்ளோ'ன்னு மாத்திப் போட்டுக் குடுங்க, குளம் ரொம்பி வழிஞ்சா மட்டும் தண்ணி வெளிய போற மாதிரி. இல்லாட்டி எங்க சர்டிபிகேட் போயிடும்."

"போகட்டும். பாசன வாய்க்கால்னுதான் போடுவேன். அவங்க மேல குடுத்த புகாரையும் வாபஸ் வாங்குங்க. முடியாதுன்னா இதைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்புறேன்."

பேப்பரில் வந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டுக்கும் சம்மதித்தார்கள். மனசாட்சி உறுத்தியதால் அல்ல.

மதிலை உடைத்துக் கல்வெர்ட் வைத்துத் தண்ணீர் விட்ட அன்று செல்வி அக்கா வரப்பில் நின்றார். ஒரு கதிரை உருவி ஊதினார். அத்தனையும் பதர்.

"இப்ப விடுறீங்க. வைக்கோலுக்கா தண்ணி பாய்ச்சுறது?"

விருதுப் பலகை அந்தக் கல்லூரி வரவேற்பறையில் இன்னும் தொங்குகிறது. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறட்டும் என்று நானும் விடவில்லை.

இன்று எனக்குச் சொந்தமாக டிசைன் ஆபீஸ் இருக்கிறது. எம்.டெக் முடித்துவிட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் டிராயிங்கில் தண்ணீர்க் கோடு மதிலோடு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அந்தத் தண்ணீர் கடைசியாக எந்த வயலில் போய்ச் சேருகிறதோ அதுவரை கோட்டை இழுக்க வேண்டும். அந்த வயல்காரரின் பெயரையும் அங்கே எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் என் கையெழுத்து.