அம்மன் பேசிய வருஷம்

சுங்காய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரு தீமிதித் திருவிழா சாயங்காலம், என் மனைவியை ஊரே "தாயே" என்று கூப்பிட்டது. கங்காணி செம்மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மறுநாள் விடியுமுன், வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அதே கங்காணி, "ஏ கழுத, ஆடி அசைஞ்சு வாரியா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் போய் நின்றாள். அன்று எனக்கு வந்த எரிச்சல் இத்தனை காலம் கழித்தும் ஆறவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நாங்கள் இருவரும் அங்கே பால்மரம் வெட்டினோம். மரத்துக்கு மரம் ஓடிப் பட்டையில் கோடு போட்டு, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளை மாட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். எங்களுக்கு ஒதுக்கிய மரவரிசை, எங்கள் நிரை, மேட்டுக்காட்டில் இருந்தது. மழை பெய்தால் அந்த இறக்கம் சோப்பு தேய்த்த பலகை மாதிரி ஆகிவிடும். அவளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது நான் கங்காணியிடம் போய்க் கேட்டேன். "பிள்ளை பெறும் வரைக்கும் புல்லு வெட்டுல போடுங்கய்யா, காண்டா தூக்க முடியல."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "உம் பொண்டாட்டி என்ன ராணியா? இங்க எல்லாவளும் வயித்துப் புள்ளையோடதான் தூக்குறாளுங்க."

அடுத்த வாரம் அவள் இறக்கத்தில் வழுக்கி விழுந்தாள். பால் கொட்டியதற்கு அரை நாள் பேரை வெட்டிக் கூலியைக் குறைத்தார்கள். பிள்ளை மறுநாள் போனது. ஆண் பிள்ளை.

அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் கடைசியில், தகரக் கூரை போட்ட மாரியம்மன் கோயில் ஒன்று இருந்தது. வேலை முடிந்து குளித்ததும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து ஊரான பீடோர் கடைத்தெருவில் இருந்த சவரக்கடைக்குக் கடல் தாண்டி ஊரிலிருந்து பத்திரிகைகள் வரும். அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து அவளிடம் கத்துவேன். "சாமின்னு குனிஞ்சு குனிஞ்சே நாம கூனிப் போனோம். புள்ளையக் கொன்னது அந்த மேடு. மேட்டுக்கு ஏத்துனது கங்காணி. இதுல அம்மாகிட்டப் போயி அழுதா என்ன வரும்?"

"அங்க அழுதா யாரும் ஏன் அழுவுறேன்னு கேக்குறதில்ல மச்சான்," என்றாள் ஒரு நாள். நான் அதற்கும் ஏதோ பதில் சொன்னேன். நான் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த காலம் அது.

அந்த வருஷத் தீமிதியில்தான் அவளுக்கு அருள் வந்தது. குழியில் நெருப்பு பரப்பியாகிவிட்டது. உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூட்டத்தில் பின்னால் நின்றவள் திடீரென்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. குழிக்கு முன்னால் நின்று, நான் அதுவரை கேட்டிராத ஒரு கனத்த குரலில், "எங்கடா கங்காணி?" என்றாள்.

தோட்டத்தில் அவரை யாரும் "டா" போட்டதில்லை. அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பி முன்னால் வந்தார்.

"எம் புள்ளைங்கள வயித்துலயே கொல்லுறியாடா? வயித்துப் புள்ளக்காரி தோள்ல இனி காண்டா ஏத்துன, உன் குடும்பத்துல வெளக்கு எரியாது. சொல்லு, ஏத்துவியா?"

"மாட்டேன் தாயே."

"சத்தமாச் சொல்லு!"

"மாட்டேன் தாயே! தெரியாம செஞ்சிட்டேன், மன்னிச்சிரு!" என்று அழுதுகொண்டே மண்ணில் விழுந்தார். அவள் அவர் நெற்றியில் விபூதியை அறைந்தாள். அறைந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் நீரை அவள் காலில் ஊற்றினார்கள். நான் வேப்பமரத்தடியில் நின்றபடி அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நான் ஒருநாளும் பார்த்திராத முகம். நிமிர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சோர்ந்து பாயில் படுத்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லாக் கேட்ட புள்ள! ஆம்பளைங்க நாங்க ஒருத்தனும் கேக்காததை நீ கேட்டுட்ட."

"நான் எதுவும் கேக்கல. அம்மா கேட்டுச்சு."

"உன் வாய்தானே பேசுச்சு? உன் புள்ளதானே செத்தது?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிஜமாகவே ஞாபகம் இல்லையா, இல்லை என்று சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் பெரட்டில் கங்காணி "கழுத" என்றபோது அவள் குனிந்த குனிவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெய்வம் அவளுக்குக் குரல் கொடுத்ததா, அல்லது அவளுடைய குரலை வாங்கித் தன் பெயரில் வைத்துக்கொண்டதா? நான் இதை அவளிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டிருப்பேன். "பேசுனது நீதான்னு ஒத்துக்கயேன்" என்பேன். அவள் அரிசி களைந்துகொண்டே இருப்பாள்.

கங்காணி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதையும் சொல்லியாக வேண்டும். அன்றிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளைப் புல் வெட்டுக்கும், பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகை வேலைக்கும் அனுப்பினார். நான் மனிதனாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு கேட்டபோது கிடைக்காதது, அம்மன் அதட்டியதும் கிடைத்தது. எனக்கு இதுதான் இன்னும் பெரிய வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறு வருஷம் திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்பு எல்லாம் மாறியது. பால் குறைகிறது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கங்காணியைத் திட்டியிருக்கிறார். அவர் பழையபடி வயிற்றுப்பிள்ளைக்காரிகளைப் பால்வெட்டுக்கு அனுப்பினார். கூடவே லயத்தில் ஒரு பேச்சும் கிளம்பியது. அந்தக் கடைசி லயத்துக்காரி மேல் அம்மன் வருவாளா? தாழ்ந்த சாதி என்று கடைசி லயத்தில் ஒதுக்கி வைத்த எங்கள் மீது சாமி இறங்குமா? போன வருஷம் வந்தது பிள்ளை பறிகொடுத்தவளைப் பிடித்த பேயாகக்கூட இருக்கலாம். இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் நீர் ஊற்றிய பெண்களே அதை மெதுவாகத் தமக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

தீமிதியன்று அவளுக்கு மறுபடியும் அருள் வந்தது. இந்தத் தடவை கங்காணி கை கூப்பவில்லை. பூசாரியைப் பார்த்து, "அம்மாவா பேயான்னு பாத்துருவோம் லா, கையில சூடத்த வச்சுக் கொளுத்து" என்றார்.

அவள் தானாகவே வலது கையை நீட்டினாள். பூசாரி உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். கட்டி சிறியதில்லை. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தேன். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. சாமியே இல்லை என்று ஒரு வருஷமாகக் கத்திய எனக்குள்ளும், அன்று அந்தச் சுடர் அவளைச் சுடாது என்று ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சூடம் எரிந்து முடியும் வரை அவள் கையை மடக்கவில்லை. ஆனால் கடைசியில் கை நடுங்கியது.

"நடுங்குது பாரு! அம்மா கை நடுங்குமா? பேய்!" என்றார் கங்காணி. கையிலிருந்த பிரம்பால் அவள் தோளில் அடித்தார். காண்டாக் கம்பு அழுத்திக் காய்த்துப்போன அதே தோளில். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது நான் பிரம்பைப் பிடித்துவிட்டேன். யாரும் எங்கள் பக்கம் வரவில்லை. உறுமிகூட நிற்கவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டினார்கள். உள்ளங்கைத் தோல் முழுவதும் கழன்றுவிட்டது. வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்து நான் ஆடித் தீர்த்தேன்.

"இன்னும் எத்தனை தடவ கையச் சுட்டுக்கப் போற? உனக்குள்ள இருக்கிறதச் சொல்ல எதுக்கு ஒரு சாமி? மனுசியா போயி, மனுசியா கேளு. துரைகிட்டப் போ. நான் கூட வாரேன்."

அவள் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, போலாம்" என்றாள்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனோம். துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கங்காணி கதவோரம் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் அவளே பேச ஆரம்பித்தாள். கனத்த குரல் இல்லை. அவளுடைய மெல்லிய, கொஞ்சம் கம்மிய குரல்தான்.

"ஏழாம் மாசம் காண்டா தூக்கி எம் புள்ள செத்துச்சு. இப்ப நாலு பேரு வயித்துல புள்ளையோட மேட்டுக்காட்டுல தூக்குறாங்க. அத நிறுத்துங்க. என்னைய அடிச்சதுக்கு அவரக் கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இவ்வளவையும் கிராணி ஒரே வரியில் இங்கிலீஷில் சொல்லி முடித்தார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனாலும் அது போதாது என்று தெரிந்தது. கங்காணி குறுக்கிட்டு, அவளுக்குச் சித்தம் சரியில்லை, பேய் பிடிக்கும், ஊரைக் கெடுக்கிறாள் என்றார். அதைக் கிராணி நீளமாகச் சொன்னார்.

துரை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏதோ சொல்லிவிட்டுக் காகிதத்தைப் புரட்டினார்.

"நாளைக்கு வீட்டைக் காலி செய்யச் சொல்லுறார். உங்களுக்கு இந்தத் தோட்டத்திலை இனி வேலை இல்லை," என்றார் கிராணி. வெளியே வந்தபோது பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தி, "நீர் ஏன் மனுசியை இங்கை கூட்டிக்கொண்டு வந்தனீர்? எல்லாத்துக்கும் கடவுள் இருக்கிறார், பொறுத்திருக்கலாம்" என்றார். எனக்கு அவர் நெற்றியைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது.

மறுநாள் மூட்டையோடு கிளம்பினோம். ஒருத்தி மட்டும் ஓடி வந்தாள். நிறைமாதக்காரி. என் மனைவி யாருக்காகப் பேசினாளோ அந்த நாலு பேரில் ஒருத்தி. நல்ல வார்த்தை சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என் மனைவியின் காலில் விழுந்து, "கொஞ்சம் துந்நூறு போட்டு விடுக்கா, சுகமாப் பொறக்கணும்" என்றாள். ஆபீசில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் மனைவி கட்டுப் போடாத இடது கையால் அவள் நெற்றியில் விபூதி இட்டாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

ஈப்போவில் ரயில் சரக்குக் கொட்டகையில் எனக்குச் சுமை வேலை கிடைத்தது. அவள் வீடுகளில் துணி துவைத்தாள். கையில் ரணம் ஆறி, தோல் சுருங்கி, விரல்கள் முழுதாக நிமிராமல் போயின. பெண் பிள்ளை ஒன்று பிறந்தது. இருபதுகளின் கடைசியில் நகரத்துத் தமிழர்களிடையே புதுப் பேச்சு பரவியது. தன்மானம், அறிவு, கோயிலை நம்பாதே என்று கூட்டம் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு படிப்பகத்தில் நானும் மேடையேறினேன். அவளும் பிள்ளையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மதம் மனிதனை எப்படிச் சிறுமைப்படுத்துகிறது என்று பேசினேன். சூடத்தைச் சொன்னேன், நடுங்கிய கையைச் சொன்னேன், பிரம்படியைச் சொன்னேன். கூட்டம் கை தட்டியது. பேச்சு முடிவதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வீட்டில் அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "என்ன கோபம்? பொய்யா சொன்னேன்?" என்றேன்.

"பொய் இல்ல. பாதிய விட்டுட்டீங்க." ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அம்மா கேட்டப்ப ஒரு வருசம் யாரும் காண்டா தூக்கல. ஆறு பேரு நல்லபடியா பெத்தெடுத்தாங்க. அத ஏன் சொல்லல? நான் கேட்டப்ப என்ன கெடச்சிச்சுன்னு ஏன் சொல்லல?"

"அப்ப கங்காணி சாமிக்குப் பயந்தான். மனுசிக்குப் பயப்படல. அது நியாயமா?"

"நியாயம்னு நான் சொன்னேனா?" குரல் உயர்ந்தது. "அவன் கையில பிரம்பு இருந்துச்சு. என் கையில என்ன இருந்துச்சு? இருந்தத எடுத்தேன். அதயும் நீங்க மேடையில வச்சு அசிங்கம்னு சொல்றீங்க. அவன் பேய்னு சொன்னான், நீங்க மூடத்தனம்னு சொல்றீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"இருந்தத எடுத்தேன்" என்றாளே, அப்படியானால் அன்று பேசியது நீதானா என்று கேட்கத் திரும்பினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

அதன்பிறகு நான் மேடையில் அந்தக் கதையைச் சொன்னதில்லை. கோயிலுக்கும் போனதில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு போவாள், நான் வெளியே ரோட்டோரத்தில் காத்திருப்பேன். தீயைக் கையில் ஏந்தச் சொன்ன மதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் என்னை ஒருவர் மடக்கி, உன் மனைவி தன் வாழ்நாளில் யாருக்கும் அஞ்சாமல் நிமிர்ந்து நின்று, கேட்டதை வாங்கிய நேரம் எது என்று கேட்டால், அந்தக் குழிக்கு முன்னால்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை.