கைக்குட்டையில் தொடங்கிய ஓட்டம்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு முதன்முதலாக ஒரு துவக்கு வந்தது. ஆளைச் சுடுகிற துவக்கு அல்ல. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கப் புகையோடு வெடிக்கிற சின்னக் கைத்துப்பாக்கி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று துபாய்க்கு வந்திருந்த பி.டி. சார், அதற்கு அனுமதிக் கடிதம் வாங்க மூன்று தரம் பொலிசுக்கு அலைந்தார். தொலைக்காட்சியில் ஒலிம்பிக் ஓட்டக்காரர்கள் வெடிச் சத்தத்துக்கு ஓடுவதைப் பார்த்திருந்த எனக்கு, இனி நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்ற நினைப்பு வந்துவிட்டது.

அந்த வருடம்தான் மச்சாளும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தாள். அம்மாவின் அண்ணனுடைய மகள். மாமாவுக்கு ருவைஸ் எண்ணெய் ஆலையில் வேலை. அங்கே ஆண்கள் தங்கும் காம்பில் இருந்தார். மாமி கைக்குழந்தையோடு விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். அதனால் மச்சாளை பர் துபாயில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில் விட்டு, என்னுடைய இந்தியப் பள்ளிக்கூடத்திலேயே எட்டாம் வகுப்பில் சேர்த்தார்கள். என் கட்டிலில் பாதி அவளுக்குப் போனது. பதிலுக்கு அவள் எனக்குத் தலை பின்னினாள், கணக்குச் சொல்லித் தந்தாள், பள்ளி பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக் கொடுத்தாள். நான் அதையெல்லாம் எனக்குச் சேர வேண்டியது என்று எடுத்துக்கொண்டேன்.

போட்டிக்கு முந்தின கிழமை ஒத்திகை ஓட்டம் நடந்தது. சின்னப் பிள்ளைகள் கோட்டைத் தாண்டாமல் பிடித்துக்கொள்ள எட்டாம் வகுப்பு அக்காமாரை எங்கள் பின்னால் நிறுத்தினார்கள். மச்சாள் கேட்டு வாங்கி என் பின்னால் வந்து நின்றாள். நான் குனிந்து, கண்ணைக் கோட்டிலே வைத்திருந்தேன். வெடி கேட்டது.

அடுத்த கணம் என் வாய் நிறைய மணல். மச்சாள் என் மேல் விழுந்து கிடந்தாள். ஒரு கையால் பக்கத்துக் கோட்டில் நின்ற மலையாளப் பிள்ளையையும் இழுத்துத் தனக்குக் கீழே போட்டிருந்தாள். அவளுடைய நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. "எழும்பாதை, எழும்பாதை" என்று என் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் ஓடி முடித்துவிட்டார்கள். மைதானம் முழுக்கச் சிரித்தது. நான் அவள் கையைக் கடித்துவிட்டேன்.

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தலையை அம்மாவிடம் கொடுத்துப் பின்னிக்கொண்டேன். பல் பதிந்த கையை மறைப்பதற்காக மச்சாள் அந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

தலைமை ஆசிரியை அப்பாவைக் கூப்பிட்டு, போட்டியன்று அந்தப் பிள்ளை நூலகத்தில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். செய்தி எட்டாம் வகுப்புக்குப் போனது. மறுநாள் ஒரு தாள் வகுப்பு வகுப்பாக வந்தது. அவளை நூலகத்தில் வைக்கக் கூடாது, துவக்கு வேண்டாம் என்று நல்ல ஆங்கிலக் கையெழுத்தில் இரண்டே வரி. கீழே வரிசையாகக் கையொப்பங்கள். எங்கள் வகுப்பில், சொந்தக்காரி என்று முதலில் என்னிடம்தான் நீட்டினார்கள். நான் போட மாட்டேன் என்றேன். துவக்கு இல்லாமல் ஓடுவது ஒரு ஓட்டமா?

அப்பாவுக்குத் தாளின் விஷயம் தெரிந்ததும் முகம் வெளிறிவிட்டது. "இது எங்கட நாடில்லை பிள்ளை. விசா தந்த கஃபீல் ஒரு சொல்லுச் சொன்னால் ரெண்டு நாளிலை பெட்டி கட்டவேணும்" என்றார். "நான் ஒண்டும் கேக்கேல்லை மாமா, அவையளாத்தான் எழுதினவை" என்றாள் மச்சாள். அது உண்மை.

இப்போது நான் கனடாவில் படிப்பிக்கிறேன். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளைச் சுவரோரம் சத்தமில்லாமல் உட்கார வைக்கும் பயிற்சியை வருடா வருடம் நானே நடத்துகிறேன். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தில் துவக்குச் சூடு நடந்த செய்தி வந்த கிழமை, அதை எதிர்த்து என் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் பனியில் போய் நின்றார்கள். சில ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். நான் என் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் நின்றேன். என்னிடம் ஒரு கையொப்பம் பாக்கி இருந்தது.

துபாயில் அந்தப் போட்டியன்று கதிரைகளில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். அணிவகுப்பு முடிந்ததும் எட்டாம் வகுப்பு கலையவில்லை. ஓட்டக் கோடுகளின் மேல் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கோஷம் எதுவும் இல்லை. மணலில் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு சும்மா இருந்தார்கள். அப்பா கதிரையில் நெளிந்தார்.

"எந்திரிங்கம்மா, கெஸ்ட் வந்தாச்சு" என்று பதற்றத்தில் தன் தமிழிலேயே சொல்லிக்கொண்டு பி.டி. சார் ஓடி வந்தார். கோவாக்காரியான வகுப்புத் தலைவி எழுந்து அந்தத் தாளை அவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் வாசித்தார். கெஸ்டைப் பார்த்தார், தலைமை ஆசிரியையைப் பார்த்தார். பிறகு மூன்று தரம் அலைந்து வாங்கிய அந்தக் கைத்துப்பாக்கியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு. அந்த சிலோன் பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

மச்சாள் நூலகப் புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்தபடியே வந்தாள். சார் தன் வெள்ளைக் கைக்குட்டையை உதறி அவளிடம் கொடுத்தார். "நீதான் இன்னைக்கு ஸ்டார்ட்டர். இதைக் கீழ இறக்கினா பிள்ளைங்க ஓடணும்."

முதல் ஓட்டம் எங்களுடையது. நான் கோட்டில் குனிந்திருந்தேன். சார் குரலைத் தாழ்த்தி அவளிடம் பேசினார். அந்த இடத்தில் தமிழ் விளங்கியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

"அன்னைக்கு அப்படி மேல விழுந்து மூடினியே, அதை யாரும்மா சொல்லிக் கொடுத்தாங்க? நாங்க பட்டாளத்துல மாசக்கணக்காப் பழகினது அது."

"ஊர்ப் பள்ளிக்கூடத்திலைதான் சேர், குண்டு விழேக்கை செய்யச் சொல்லி. பெரிய பிள்ளையள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சின்னப் பிள்ளை."

"உனக்கு யாரு?"

மச்சாள் கைக்குட்டையின் ஓரத்தைத் தடவினாள். "ஒரு ரெண்டாம் வகுப்புப் பிள்ளை, சேர். அவ பிறகு பள்ளிக்கூடம் வரேல்லை."

சார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளையும் எங்களைப் போல ஏதாவது வெளிநாட்டுக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படியென்றால் இனி மச்சாளுக்கு நான் ஒருத்திதான் என்று, ஓடப் போகிற அந்த நேரத்திலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.