தனியாகப் போனால் அறை கிடைக்குமா? திருவண்ணாமலையில் நான்கு நாள்

நான் மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி, வயது ஐம்பத்தாறு. கணவர் போன பிறகு பழைய கோயில்களைத் தேடித் தனியாகப் பயணம் போவது வழக்கமாகிவிட்டது. கம்போடியாவின் அங்கோருக்கும் இந்தோனேசியாவின் போரோபுதூருக்கும் அப்படித்தான் போய் வந்தேன். போன பிப்ரவரியில் திருவண்ணாமலை. “இந்தியாவுக்கு மட்டும் தனியா வேணாம்மா” என்று மகள் கவிதா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மொழி தெரிந்த ஊரில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்று கிளம்பிவிட்டேன்.

சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து அரசுப் பேருந்தில் நாலரை மணி நேரம். கட்டணம் இருநூறு ரூபாய்க்குள்தான். பௌர்ணமி இல்லாத வாரமாகப் பார்த்துப் போனதால் உட்கார இடம் கிடைத்தது. மதியம் இரண்டு மணிக்கு இறங்கி, முன்பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பையன் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தான்.

“கூட யாரும் வரலைங்களா?”

“நான் மட்டும்தான்.”

“சிங்கிளா வந்தா ரூம் குடுக்கறதில்லை மேடம். ஓனர் ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்காரு. பணம் திரும்ப வந்துடும்ங்க.”

அடுத்த விடுதியிலும் இதே பதில். மொழி தெரியாத கம்போடியாவில்கூட யாரும் கேட்காத கேள்வி இது. பெட்டியோடு தெருவில் நின்றபோது, இரவே சென்னைக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் முருகன் இன்னும் போகவில்லை.

“இங்க பக்கத்துல வேங்கிக்கால்ல ஒரு மேடம் மாடி ரூம் வாடகைக்கு விடறாங்கக்கா. வாங்க, கேட்டுப் பாக்கலாம்.”

அந்த வீட்டுக்காரர் பத்மாவதி அம்மா. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமமொன்றில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்த தமிழ்ச் சமணக் குடும்பம். அவருக்கும் தயக்கம்தான்.

“தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வீட்ல யாருகிட்டயாவது ஒரு வார்த்தை பேசிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் எனக்கு ஜாமீன் சொல்ல ஆள் வேண்டுமா? எனக்கிருப்பது கவிதா ஒருத்திதான். அவளிடமோ, ‘எல்லாம் நல்லபடியாகப் போகிறது’ என்று பேருந்திலிருந்தே செய்தி அனுப்பியிருந்தேன். வேறு வழியில்லாமல் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். ‘அப்பவே சொன்னேனே’ என்பாள் என்று காத்திருந்தேன்.

“ஆன்ட்டி, அம்மாவப் பாத்துக்குங்கன்னு நான் கேக்க மாட்டேன். அது அவங்களுக்குப் பிடிக்காது. ரூம் மட்டும் குடுங்க. மத்தத அவங்களே பாத்துப்பாங்க.”

பத்மாவதி அம்மா சிரித்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறைக்கு நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், காலைச் சாப்பாட்டோடு.

அண்ணாமலையார் கோயிலுக்குக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தை நின்று பார்க்க முடியும். பத்து மணிக்கு மேல் பிராகாரத்துக் கல் பாதத்தைச் சுட ஆரம்பிக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இரண்டாம் நாள் முருகனின் ஆட்டோவில் சுற்றினேன், ஐந்நூறு ரூபாய். அடி அண்ணாமலைக் கோயிலில் அன்று கூட்டமே இல்லை. கல்வெட்டுச் சுவர்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் போளூரைத் தாண்டி இருக்கும் திருமலைக்குப் போனேன். பத்மாவதி அம்மா சொல்லி அனுப்பிய சமணத் தலம். “சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துடுங்க, சேர்ந்து சாப்பிடலாம்” என்றார். சமண வழக்கப்படி, பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிடுவதில்லை. போளூர் வரை பேருந்து, அங்கிருந்து ஆரணிப் பேருந்தில் வடமாதிமங்கலம், பிறகு ஆட்டோ. குகையில் மங்கிப்போன ஓவியங்கள். படியேறினால், பாறையிலேயே செதுக்கிய பதினாறடி நேமிநாதர். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

திரும்பும்போது போளூரைத் தாண்டியதும் பேருந்து டயர் பஞ்சர். படம் எடுத்து எடுத்து போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. பத்மாவதி அம்மாவின் எண் அந்த போனில்தான் இருந்தது. வேங்கிக்கால் வந்து சேர ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அவர் கேட் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே மேசையில் இரண்டு தட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

“நீங்க சாப்பிடலையா?”

“இனிமே காலைலதான். வாங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும் எப்படி உக்காந்து சாப்பிடறது?”

எனக்கும் வேண்டாம் என்றேன்.

“எனக்கு இது பழக்கம்ங்க. நீங்க பஸ்ல அலைஞ்சு வந்திருக்கீங்க. உக்காருங்க.”

சோறும் அவரைக்காய்க் கூட்டும் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தார். நான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். அவரோ திருமலையைப் பற்றியே கேட்டார். முட்டிவலியால் படியேற முடியாமல் அவர் அங்கே போய்ப் பல வருடம் ஆகிறதாம். போன் உயிர் பெற்றதும் நேமிநாதர் படத்தைக் காட்டினேன். கைகூப்பினார். திரை அணைய அணையத் தொட்டு எழுப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தனியாகப் போகிறவர்கள் விடுதியை முன்பதிவு செய்யும்போதே போனில் கூப்பிட்டு, தனி ஆள் என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் தங்கினாலும் வெளிநாட்டவர் விவரத்தை வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும், பாஸ்போர்ட் நகல் வைத்திருங்கள். தங்கும் இடத்தின் எண்ணைக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும் நேரத்தை யாருக்காவது சொல்வதானால் ஒரு மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். உங்களுக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

நான்காம் நாள் நான் எங்கும் போகவில்லை. காய் நறுக்கிக் கொடுத்தேன். மாலை ஐந்தரைக்கு, மலைமேல் இன்னும் வெயில் இருக்கும்போதே, இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். முதலில் அவர் தட்டில் நான் பரிமாறினேன்.