பல்சக்கரம் தேடிப்போன எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பெரும்பாலோர் எங்கள் அக்காவைக் கீரைக்கட்டுகளோடு பார்த்தவர்கள். மலாக்கா பாசாரில் அவர் கடைபோட்டிருந்த இடத்தில் இன்று வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கீரை விளைந்த நிலத்தை அக்கா எப்படிப் பெற்றார் என்பது பிள்ளைகளுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். கூட இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான் மிஞ்சியிருக்கிறேன். எனவே இந்தப் பக்கங்களை எழுதும் பொறுப்பு தங்கையாகிய என்னிடம் வந்தது.

அக்கா பிறந்தது மலாக்காவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில். பத்து வயதிலேயே அம்மாவோடு ரப்பர்ப் பாலெடுக்க, பால்மரம் வெட்டப் போனார். எழுதப் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. திருமணமாகி காஜா பெராங்குக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், என்னைத் தன்னோடு அழைத்துவந்து ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தது. நான் படித்து முடித்து ஒரு அச்சகத்தில் வேலைக்குச் சேரும்வரை என்னை அடுப்படிப் பக்கம் விட்டதில்லை.

அத்தான் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் தோட்டக்காரர். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், நெருங்கிய நேரத்தில் துரை ஊருக்குப் புறப்பட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அத்தான் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருந்தார். கோலூன்றி நடப்பார், சங்கோல் மண்வெட்டி பிடித்துக் கொத்த முடியாது. போகும்போது துரை, கொட்டகையில் கிடந்த பழைய தோட்ட டிராக்டரை அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே சக்கரம். பின்னால் நடந்துகொண்டே கைப்பிடியைப் பிடித்து ஓட்டவேண்டிய இயந்திரம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் வாங்கியதாம். கலப்பை இல்லை, புல்வெட்டி இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் எங்கோ போய்விட்டன. உள்ளே பல்சக்கரத்தில் நான்கு பல் உடைந்திருந்தது.

மாட்டுவண்டியில் அது வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். “இரும்புக்காரன்கிட்ட போட்டுடுலா” என்றார் ஒருவர்.

அந்த வாரமே அக்கா செமாபோக்கில் மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். நிலத்துக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார். ஆண்டுக் கடைசி மழை இறங்குமுன் நிலம் முழுவதையும் உழுது பாத்தி கட்டியிருக்க வேண்டும். ஒரு மூலை தரிசாகக் கிடந்தாலும் வேறு ஆளுக்குப் போய்விடும். நடக்க முடியாத கணவர், மூன்று சின்னப் பிள்ளைகள், கையில் ஓடாத ஒரு இயந்திரம். இவற்றை வைத்துக்கொண்டு அக்கா சரியென்று சொல்லிவிட்டு வந்தார்.

இயந்திரத்தோடு எண்ணெய் படிந்த சிறு புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. “தங்கச்சி, இதுல என்னா போட்டிருக்குன்னு ஒரு எழுத்து விடாம படிச்சுச் சொல்லு” என்றார். நான் படிக்கப் படிக்க, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டார். ஒரு மாதத்தில் என்னைவிட அவருக்கு அந்தப் புத்தகம் நன்றாகத் தெரிந்தது.

இயந்திரத்தைப் பிரித்துத் துடைத்தவர் கம்போங் செட்டியில் இருந்த ஒரு பெரியவர். லாரிப் பட்டறையில் வேலைபார்த்து ஓய்ந்தவர். எங்களைப்போலக் கோயிலுக்கு வருவார், திருநீறு பூசுவார். பல தலைமுறையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிக் குடும்பம் என்பதால் தமிழ் மட்டும் வராது. அக்கா அவரை மாமா என்பார், மற்றதெல்லாம் மலாயில்தான். என்ஜினைக் கழுவி, கிளப்பிப் பார்த்து, “போலே, போலே” என்று தலையாட்டினார். முடியும், என்ஜின் ஓடும் என்று அர்த்தம். பல்சக்கரம் கிடைக்காமல் வண்டி நகராது.

மலாக்காக் கடைகளில் ஒருவரும் அந்த இயந்திரத்தைக் கேள்விப்பட்டதில்லை. சிங்கப்பூர்க் கடை ஒன்று கைவிரித்தது. அக்கா சொல்லச் சொல்ல, இங்கிலாந்திலிருந்த கொம்பெனிக்கே நான் கடிதம் எழுதினேன். நீண்ட நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த வகையைச் செய்வதை நிறுத்திவிட்டார்களாம், உதிரிப்பாகம் எதுவும் இல்லையாம். ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: இதே வகையில் இன்னொன்று பத்து பெரெண்டாம் என்ற ஊரில் இருந்த ஒரு ஐரோப்பியருக்கு அனுப்பப்பட்டது.

“இன்னொண்ணு இருக்கா!” என்று அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாளே இருவரும் பஸ் ஏறினோம். அந்த ஐரோப்பியர் சண்டைக்கு முன்பே போய்விட்டிருந்தார். விசாரித்துக்கொண்டே போய், ஒரு சீனக் காய்கறித் தோட்டத்தின் கொட்டகையில் அதைக் கண்டோம். பல்சக்கரம் முழுசாக இருந்தது. கலப்பையும் புல்வெட்டியும் சுவரில் தொங்கின. தோட்டக்காரப் பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். அவர்கள் பேசிய மலாயைத் தமிழில் தருகிறேன்.

“விக்க மாட்டேன். என்ஜினுக்கு நெருப்புக் கொடுக்கிற மேக்னெட்டோவை ஜப்பான்காரன் கழட்டிக்கிட்டுப் போயிட்டான். பத்து வருஷத்துக்கு மேல தேடறேன். உங்கிட்ட இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப உன் வண்டியை எனக்குக் குடு.”

“உங்க வண்டியை எனக்குக் குடுங்க” என்றார் அக்கா. பெரியவருக்கு முகம் சிவந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. பெரியவரை முதலாளி என்று மரியாதையாக அழைத்துப் பேசினார்.

“தௌக்கே, ஒரு வண்டியக் கொன்னு இன்னொரு வண்டிய ஓட்ட வேணாம். உங்க சக்கரத்தையும் கலப்பையையும் பத்து நாளைக்குக் குடுங்க. அதே மாதிரி வார்த்துக்கிறேன். அதுவரைக்கும் என் மேக்னெட்டோ உங்ககிட்ட இருக்கட்டும். உங்க என்ஜினுக்கு எங்க மாமா வழி பண்ணுவாரு.”

பெரியவர் தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

கலப்பையைக் கொல்லர் ஒருவர் நான்கே நாளில் அடித்துக் கொடுத்தார். சக்கரத்தை மாதிரிக்காக வார்ப்புப் பட்டறையில் கொடுத்தோம். எட்டாம் நாள் வந்த புதுச் சக்கரத்தை மாமா மாட்டிக் கையால் சுழற்றிப் பார்த்தபோதே ஒரு பல் தெறித்தது. பட்டறையில் அடுத்த வார்ப்புக்கு ஒரு வாரமாகும் என்றார்கள். வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாம்க்கா. நம்ம மேக்னெட்டோதான் அவருகிட்ட இருக்கே” என்றேன்.

“பத்து நாளுன்னு சொன்னது என் வாய், தங்கச்சி” என்றார் அக்கா.

பத்தாம் நாள் காலையில் பெரியவரின் சக்கரத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். கலப்பையை நான் தூக்கிக்கொண்டு போனேன். வழியில் அக்கா அழுதுவிடுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

பெரியவர் துணியைப் பிரித்து, பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். “உன்னது ஓடுதா?”

“இல்ல. உடைஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் கொண்டாந்த?”

“இன்னைக்கு பத்தாம் நாளு.”

பெரியவர் சக்கரத்தை மறுபடியும் துணியில் சுற்றி அக்காவின் கையில் வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களோடேயே பஸ் ஏறினார். பட்டறைக்காரரிடம் ஹொக்கியன் சீனத்தில் அவர் என்ன பேசினார் என்று எங்களுக்குப் புரியவில்லை. குரல் மட்டும் தெரு முனைவரை கேட்டது. மூன்றாம் நாள் புதுச் சக்கரம் வந்தது. பல் நின்றது. அதே வாரம், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் மேக்னெட்டோவை மாமா எப்படியோ பெரியவரின் என்ஜினில் பொருத்தி ஓடவைத்தார். எங்கள் மேக்னெட்டோவைப் பெரியவர் பளபளவென்று துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

கைலியும் அத்தானின் பழைய சட்டையும் போட்டுக்கொண்டு அக்கா செமாபோக்கில் உழுதார். முதல் நாள் வண்டி அவரை இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் தள்ளியது. முழங்கை சிராய்ந்தது. எழுந்து மறுபடியும் பிடித்தார். உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, துணி சுற்றிக்கொண்டு ஓட்டினார். பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.

மழைக்கு முன் நிலத்துக்காரர் வந்தார். மூன்று ஏக்கரையும் வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். நான்கு மூலையிலும் மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“ஆள் வச்சீங்களா? யாரு உழுதது?”

அக்கா தலைகுனிந்து நின்றார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த அத்தான் கோலை ஊன்றி, வலியோடு எழுந்து, நிமிர்ந்து நின்றார். அதிர்ந்து பேசாதவர் அன்று உரக்கவே சொன்னார்: “என் பெண்டாட்டி உழுதா.”

அந்த நிலத்தைப் பிற்காலத்தில் அக்கா சொந்தமாகவே வாங்கினார். அதில் விளைந்ததைக் கொண்டு மூன்று பிள்ளைகளும் படித்தார்கள். மூத்தவர் பொறியாளர், நடுப்பிள்ளை ஆசிரியை, இளையவர் அதே நிலத்தில் இன்றும் பயிர் செய்கிறார். பழைய இயந்திரம் வைத்திருந்தவர்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் வீட்டைத் தேடிவந்து, எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்று அக்காவிடம் கேட்டார்கள். எழுதத் தெரியாத அக்கா அத்தனையையும் நினைவிலிருந்தே சொன்னார். ஒருவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை.

அத்தான் போன பிறகும் அக்கா பாசாருக்குப் போவதை நிறுத்தவில்லை. கடைசி மூன்று வாரங்கள் மட்டுமே படுக்கையில் இருந்தார்.

அந்த நாள்களில் இரவு பகல் பாராமல் உடனிருந்த மருமகளுக்கும், கஞ்சி வைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், இறுதிக் கடன்களை முன்னின்று நடத்தித்தந்த கோயில் அன்பர்களுக்கும், கம்போங் செட்டியிலிருந்தும் பத்து பெரெண்டாமிலிருந்தும் வந்து தோள்கொடுத்த குடும்பங்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். மருத்துவமனையில் சேர்த்த அன்று ஒரு இளம் மலாய்த் தாதி படிவம் நிரப்பினார். தொழில் என்ற இடத்தில், கேட்காமலேயே, இல்லத்தரசி என்று மலாயில் எழுதி வாய்விட்டுப் படித்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அக்கா கையை உயர்த்தி, “இல்லம்மா, பெத்தானி” என்றார். விவசாயி. தாதி அக்காவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, அக்கா சொன்னபடியே பெரிய எழுத்தில் திருத்தி எழுதினார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.