எதிர்வீட்டு டிவி அணைந்த மூன்று சனிக்கிழமைகள்

சித்தூரில் முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் லோயிஸ். சபையின் பெண்கள் பாடகர் குழு சனிக்கிழமை மாலைகளில் அவள் வீட்டில்தான் பயிற்சிக்குக் கூடும். பதினைந்து வருடப் பழக்கம். யாருக்குச் சுருதி பிசகினாலும் லோயிஸ் முகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

போன ஜூன் மாதம் அவளுடைய கொழுந்தனார் சந்துக்கு எதிர்ப்பக்கம் வீடு கட்டிக் குடிவந்தார். அவர் மனைவி பிளெஸ்ஸி, புத்தலப்பட்டில் டீச்சர். வீட்டைப் பார்க்க வந்த குழுப் பெண்களுக்கு முன்னால் அவள் ஒரே ஒரு ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அமுக்கினாள். சுவர் அகல டிவி எரிந்தது, ஸ்பீக்கர் விழித்துக்கொண்டது, வெளிநாட்டுக் குழு ஒன்றின் பாடல் கூடத்தை நிறைத்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து பயிற்சி அங்கே மாறிவிட்டது. லோயிஸை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவ ஒரு பட்டன அமுக்கினா எல்லாம் வருது. நம்ம வூட்ல மூணு ரிமோட்டத் தேடி எடுக்கறதுக்குள்ள பாட்டே முடிஞ்சிடுது" என்றார் கணவர் ஆசிர். சாதாரணமாகத்தான் சொன்னார். லோயிஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வீட்டிலிருந்த மூன்று ரிமோட்டுகளையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சுனில் என்பவர் மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"இந்த ஹோம் தியேட்டர் இன்னா கம்பெனிம்மா? பேரே அழிஞ்சி போயிருக்குதே."

"தெரியாதுப்பா. பழசு."

"அப்போ கம்பெனி கோடு நம்பர் போடற ரிமோட் வாணாம். அதுல பெரிய கம்பெனிங்க மட்டும்தான் இருக்கும். கத்துக்கற ரிமோட் எடுத்துக்கோங்க. பழைய ரிமோட்ட எதிர வச்சி ஒவ்வொரு பட்டனா காட்டினா, அப்டியே புடிச்சிக்கும். அப்புறம் மூணையும் ஒரே பட்டன்ல சேத்துக்கலாம்."

"எதிர்வூட்ல ஒண்ணு வச்சிக்கினு இருக்காங்க. இது அதவிட நல்லதா?"

"எதிர்வூட்ல இன்னா வச்சிருக்காங்கன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

லோயிஸ் கடையிலேயே உசத்தியானதை வாங்கினாள்.

இரண்டு நாள் சமையலறை ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, புதியதையும் பழையதையும் நேருக்கு நேர் வைத்து, விளக்கு மினுங்கக் காத்திருந்து, ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக் கொடுத்தாள். டிவி பட்டனைச் சோதிக்க ஒருமுறை அமுக்கியபோது, ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால், பிளெஸ்ஸி வீட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவி அணைந்தது. இரண்டும் ஒரே கம்பெனி. சந்தும் பன்னிரண்டு அடிதான். பிளெஸ்ஸி எழுந்து போய் டிவியைத் தட்டிப் பார்ப்பது இங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை லோயிஸ் முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள். எதிரே பெண்கள் இரண்டாவது சரணத்துக்கு வந்ததும் ஜன்னலருகே நின்று அமுக்கினாள். பாட்டு அறுந்தது. அவர்கள் போட்டார்கள், இவள் மறுபடி அணைத்தாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் இருந்த பாரம் சற்று இறங்கியது போலிருந்தது. வெட்கமும் இருந்தது. ஆனால் அடுத்த வாரமும் அதையே செய்தாள்.

மூன்றாவது வாரம் அவள் எதிர்பார்த்தது நடந்தது. டிவி அணைந்த கொஞ்ச நேரத்தில் பெண்கள் எல்லாரும் சந்தைத் தாண்டி அவள் வீட்டுக்குள் வந்தார்கள். முறுக்குத் தட்டோடு பிளெஸ்ஸியும் பின்னால் வந்தாள். லோயிஸ் ஒரு பட்டனை அமுக்க, எல்லாம் ஒன்றாக எழுந்தன. "எங்க லோயிஸக்கா எதுலயும் சளைச்சவங்க இல்ல" என்று யாரோ சொன்னார்கள். மூன்று வாரத்தில் முதல்முறையாக அவள் வாய்விட்டுப் பாடினாள்.

நடுவில் டம்ளர் எடுக்க சமையலறைக்குப் போனபோது பிளெஸ்ஸியும் கூட வந்தாள்.

"மெக்கானிக் வந்து பாத்தான்க்கா. போர்டு சூடாவுதாம். டிவிய கழட்டி எடுத்துக்கினு போறேன்றான்."

"எப்போ?"

"நாளைக்கு." பிளெஸ்ஸி தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உன்ன மாதிரி எனக்குப் பாட வராதுக்கா. நீ வாயத் தொறந்தா எல்லாரும் உன்னையேதான் பாக்கறாங்க. அந்த டிவி இருக்கறதாலதான் என் வூட்டுக்கும் நாலு பேர் வந்தாங்க."

லோயிஸ் கூடத்துக்குப் போய் ரிமோட்டை எடுத்து வந்தாள். ஜன்னல் கம்பிகளுக்கிடையே நீட்டி அமுக்கினாள். எதிரே, ஆளில்லாத கூடத்தில், டிவி எரிந்தது.

பிளெஸ்ஸி டிவியைப் பார்த்தாள். பிறகு ரிமோட்டைப் பார்த்தாள்.

"மூணு வாரமுமா?"

"ஆமா. மெக்கானிக்க வர வேணாம்னு சொல்லிடு."

பிளெஸ்ஸி கூடத்துக்குத் திரும்பி, கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்து, எல்லாருடனும் எழுந்து போனாள். ஆராதனைக்குப் போகும் வழியில்கூட லோயிஸோடு பேசவில்லை. திங்கட்கிழமை எதிர் ஜன்னலில் கனத்த திரைச்சீலை ஒன்று தொங்கியது.

பேச்சு திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. நடந்ததை பிளெஸ்ஸி யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அக்கா வீடு, ஒரு வாரம் தன் வீடு என்று குழுவில் அவளே அறிவித்தாள். அவள் வீட்டு முறை வந்தபோது லோயிஸ் முழங்கால் வலியைச் சாக்குச் சொல்லாமல் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கீழ்ச்சுருதியில் பாடும் ஆல்டோ வரிகளை பிளெஸ்ஸியின் பக்கத்திலேயே இருந்து மெதுவாகப் பாடிக் காட்டினாள்.

திரைச்சீலை கிட்டத்தில் இன்னும் அழகாக இருந்தது. கருநீலம், ஓரத்தில் வெள்ளிக்கோடு. எங்கே வாங்கினாள் என்று கேட்க லோயிஸுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பாட்டு முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.