சைக்கிளும் ஸ்டூலும்

மலேசியாவில், கூலாயில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். கடைசி எட்டு வருடம் சூப்பர்வைசர். என் லைனில் யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கை மெதுவாகிவிடும் என்பது என் முடிவு. போன மாதம் முட்டி வலிக்கிறதென்று என் லைனில் வேலை செய்யும் காமாட்சி ஒரு ஸ்டூலைப் போட்டபோது, அதை நானே தூக்கிக்கொண்டு போய் என் மேசைக்கடியில் தள்ளிவிட்டேன்.

டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதால் முதல் முறையாக ஜிம்முக்குப் போனேன். ஒரு பெண் சைக்கிளில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்துகொண்டு செய்வதெல்லாம் ஒரு பயிற்சியா என்று மனதுக்குள் சிரித்துவிட்டு, நேராக டிரெட்மில்லில் ஏறினேன். நாளெல்லாம் நிற்கிறவளுக்கு நடப்பது பெரிய விஷயமா?

ஐந்தாவது நிமிடம் வலது முட்டி மடங்கியது. கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். அந்தப் பெண்தான் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

“அலமாக்!” என்று பதறினார். “நின்னுக்கிட்டே வேல செய்றீங்களாக்கா? எனக்கும் இதே முட்டிதான். மொதல்ல சைக்கிள்ல ஆரம்பிங்க.”

நான் தயங்கினேன்.

“உக்காருங்கக்கா. திட்டுறதுக்கு இங்க என்ன சூப்பர்வைசரா இருக்காங்க?”

சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பத்து நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. முட்டி வலிக்கவில்லை.

மறுநாள் காலை அந்த ஸ்டூலைக் கொண்டுபோய்க் காமாட்சியின் பக்கத்தில் வைத்தேன். அவள் உட்காராமல் என் முகத்தையே பார்த்தாள்.

“உக்காரு லா,” என்றேன். “உக்காந்து செஞ்சாலும் வேர்க்கும். நேத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.”